பினாங்கில் என் பல்வலியும் அண்ணனின் வலிக்காத பல்லும்

மெல்பர்னிலிருந்து மலேசியா வந்த மறுநாள், பினாங்கு பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டில் பசியாற உட்கார்ந்தேன். சுடச்சுடக் காப்பி. முதல் மடக்கிலேயே வலது கன்னம் முழுக்க வலி இழுத்தது. கோப்பையைக் கீழே வைத்த பிறகும் நிற்காமல் கால் மணி நேரம் துடித்தது.

ஆறு மாதமாகவே அந்தப் பக்கம் ஐஸ் பட்டால் சுரீரென்று இருக்கும். இரண்டு விநாடியில் போய்விடுகிறதே என்று விட்டுவிட்டேன். அப்போதே காட்டியிருந்தால் சொத்தையைச் சுரண்டி அடைத்ததோடு முடிந்திருக்கலாம்.

அம்மா கிராம்பை நசுக்கி வைக்கச் சொன்னார். கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் நரம்பை மரக்க வைக்கும், அது உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. இரவில் படுத்தால் வலி ஏறும், எழுந்து உட்கார்ந்தால் இறங்கும். விடியும்வரை நாற்காலியிலேயே கிடந்தேன்.

முதலில் போன கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். பல்லைத் தட்டிப் பார்க்கவில்லை, எக்ஸ்ரே இல்லை, ஒரு கேள்விகூட இல்லை. மூன்று நாள் விழுங்கினேன், வலி அசையவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அப்புறம் அண்ணன் என்னை ஃபெரியில் ஏற்றி ஜோர்ஜ்டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். நம் தமிழ்ப் பெண், இளவயது. “எந்தப் பல்லுக்கா?” என்றார். மேல் கடைவாய்ப் பல்லைக் காட்டினேன். அவர் உடனே கருவியை எடுக்கவில்லை. பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து, முதலில் இடது பக்கத்து நல்ல பல்லில் வைத்தார். “சில்லுன்னு தெரிஞ்சதும் கையைத் தூக்குங்க, போனதும் இறக்குங்க.” தூக்கினேன், உடனே இறக்கினேன். வலது மேல் பல்லிலும் அப்படியே. கீழ்ப் பல்லில் வைத்ததும் தூக்கிய கை அரை நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. “மேல இல்லக்கா, இதுதான்” என்றார். முதல் கிளினிக்கில் நான் காட்டிய பல்லையே பிடுங்கியிருந்தால்?

பல்லுக்கு நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மென்மையான பற்கூழ் இருக்கிறது. கையோ காலோ வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். பற்கூழ் வீங்கினால் சுற்றிலும் கெட்டிச் சுவர். வேரின் நுனியில் ஊசிமுனை அளவு வழிதான் உண்டு. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி அழுத்தம் ஏறுகிறது. அந்த நரம்புக்கு வலியைச் சொல்லத் தெரியும், இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. அதனால்தான் கீழே இருந்த வலி எனக்கு மேலே தெரிந்திருக்கிறது. குளிர் பட்டு ஓரிரு விநாடியில் மறையும் கூச்சம் என்றால், காரணத்தைச் சரிசெய்தால் பற்கூழ் தேறிவிடும். வலி நீடித்துத் தூக்கத்தையும் கெடுத்தால் பெரும்பாலும் தேறாது. இந்த வலியை ஆன்டிபயாட்டிக் குறைக்காது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோதான் அதற்கு வேலை. இதையெல்லாம் எக்ஸ்ரேயைக் காட்டிக்காட்டிச் சொன்னார்.

பற்கூழை எடுத்துவிட்டு வேர்க்குழாய்களை அடைக்கும் ரூட் கெனால்தான் வழி என்றார். செலவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கிரவுனையும் சேர்த்து, மெல்பர்னில் எனக்குச் சொல்லும் தொகையில் பாதிகூட வரவில்லை. ரூட் கெனால் இரண்டு தடவையில் முடிந்தது. எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி, மூன்று வேர்க்குழாய்களையும் மெல்லிய ஃபைலால் தேய்த்து, பிளீச் வாசமடிக்கும் மருந்தால் கழுவினார். ஊசி போட்டதால் வலியே இல்லை.

குழாய்களை அடைக்க இளஞ்சிவப்பு நிறத்தில் குச்சிகளை எடுத்தார். பெயர் கட்டா பெர்ச்சா. மலாய்ப் பெயர்தான், ‘கெத்தா பெர்ச்சா’. இந்த மண்ணின் காட்டு மரத்துப் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போனதும் இதுதான். அப்பா தோட்டத்தில் கெத்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அது வேறு மரம் என்றாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் கிரவுன் மாட்டினார்கள். நரம்பெடுத்த கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளந்துவிடலாம் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாதாம். எக்ஸ்ரே நகல்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அவசியம் வாங்குங்கள்.

அன்று பக்கத்தில் இருந்த அண்ணன், “எனக்கும் போன வருஷம் இப்படித்தான் வலிச்சது டாக்டர், அப்புறம் தானா சரியாப் போச்சு” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. அவரையும் உட்காரவைத்துப் பஞ்சை வைத்தார். அண்ணன் கை மடியிலேயே இருந்தது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் பச்சைப்பயறு அளவுக்குக் கறுப்பு. நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கிறது. கிருமி வேர்வழியே இறங்கி எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

காசை யோசித்து அண்ணன் அரசாங்கப் பல் கிளினிக்குக்கே போகிறேன் என்றார். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் காத்திருக்க வேண்டும். சரி, போனால் போதும் என்று விடாமல் நச்சரித்தேன். நான் விமானம் ஏறிய காலையில், நம்பர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.