மின்னஞ்சல் பேட்ச், புல் ரிக்வெஸ்ட், கெரிட்: பெரிய திட்டத்துக்கு எது தாங்கும்?

ஒருவர் எழுதிய கோடை மற்றவர் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு எந்த முறை நல்லது என்று பேச்சு வந்தாலே, பேட்ச் என்னும் மாற்றத்தை மின்னஞ்சலில் அனுப்புவது, கிட்ஹப் தளத்தின் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை), கெரிட் என்ற ரிவ்யூ கருவி என்று ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: டெஸ்ட் எந்தக் கோடின் மேல் ஓடியது?

ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை எல்லா இடத்திலும் மாற்றி அனுப்புகிறார். அதே வாரம் இன்னொருவர், பழைய பெயரிலேயே அதை அழைக்கும் புது ஃபைல் ஒன்றைச் சேர்க்கிறார். தொட்ட வரிகள் வேறு வேறு, அதனால் கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் எந்த மோதலையும் காட்டாது. தனித்தனியாக டெஸ்ட் ஓட்டினால் இரண்டுமே பச்சை, அதாவது தேறும். இரண்டும் மெர்ஜ் ஆனதும், எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்ச் பில்டே (இயங்கும் நிரலாக மாறுவதே) ஆகாது. சின்னத் திட்டத்தில் இது எப்போதாவது நடக்கும். மாற்றங்கள் குவியும் இடத்தில் அடிக்கடி நடக்கும்.

வெறும் புல் ரிக்வெஸ்ட் இங்கேதான் கைவிடுகிறது. டெஸ்ட் ஓடிய நேரத்தில் மெயின் எப்படி இருந்ததோ அதோடு சேர்த்துத்தான் சோதித்திருக்கும். அப்புறம் மெயின் எவ்வளவு நகர்ந்தாலும் பழைய பச்சை டிக் அப்படியே நிற்கும். இதற்கு ரஸ்ட் என்ற நிரல்மொழியின் திட்டம் ஆரம்ப காலத்திலேயே வழி கண்டது. அந்த மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் எழுதிய போர்ஸ் என்ற பாட் (தானாக இயங்கும் நிரல்), ரிவ்யூவர் சம்மதித்த மாற்றத்தை அப்போதைய மெயின் நுனியோடு சேர்த்து முழு டெஸ்டையும் ஓட்டும். தேறினால்தான் மெயினை நகர்த்தும். இதற்குக் கொடுக்கும் விலை காத்திருப்பு. முழு டெஸ்ட் மணிக்கணக்கில் ஓடுவதால் சின்ன மாற்றங்களை ஒரே கட்டாக அனுப்புகிறார்கள். கட்டு தோற்றால் எதனால் தோற்றது என்று யாராவது உட்கார்ந்து தேட வேண்டும். 2023 முதல் கிட்ஹபிலேயே, இப்படி வரிசையில் சோதித்துச் சேர்க்கும் மெர்ஜ் க்யூ பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மாற்றங்கள் குவியும் திட்டம் அதை இயக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கெரிட்டோடு ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் திட்டம் பயன்படுத்தும் சூல் என்ற டெஸ்ட் கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. வரிசையில் மூன்று மாற்றங்கள் நின்றால் முதலாவது தனியாக, முதல் இரண்டும் சேர்ந்து, மூன்றும் சேர்ந்து என ஒரே நேரத்தில் ஓட்டும். எல்லாம் தேறினால், ஒரு டெஸ்டுக்கு ஆகும் நேரத்தில் மூன்றும் உள்ளே. நடுவிலிருப்பது தோற்றால் அதைக் கழித்துவிட்டு மூன்றாவதை மறுபடி ஓட்டும். இதற்கு மெஷின்கள் நிறைய வேண்டும். காரணமில்லாமல் அவ்வப்போது தோற்கும் டெஸ்ட் ஒன்று இருந்தால் போதும், மொத்த வரிசையும் தள்ளாடும்.

மின்னஞ்சலில் பேட்ச் வாங்கும் லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இப்படி ஒரே வாசல் கிடையாது. வைக்கவும் முடியாது, ஏனென்றால் ஒரு ஹார்ட்வேரை இயக்கும் டிரைவரைச் சோதிக்க அந்த ஹார்ட்வேர் கையில் இருக்க வேண்டும். ‘டெஸ்டட்-பை’ (சோதித்தவர்) என்று ஒருவர் பெயர் போடுவதற்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். மற்ற சோதனைகள் பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன: இன்டெலின் ரோபாட் பேட்சுகளை எடுத்துப் பில்ட் செய்து பார்க்கிறது, கூகுளின் சிஸ்பாட் தாறுமாறான சிஸ்டம் கால்களை (நிரல்கள் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகள்) அனுப்பி கெர்னலை விழவைக்கப் பார்க்கிறது, லினக்ஸ்-நெக்ஸ்ட் அடுத்த வெளியீட்டுக்கான கிளைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது. பிழை சிக்கும், ஆனால் பல நேரம் பேட்ச் உள்ளே போன பிறகு.

ரிவ்யூ என்று வந்தால் கதை தலைகீழ். கெர்னல் பேட்ச் வரிசையில் ஒவ்வொரு கமிட்டும் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) தனியாக பில்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்து, அதாவது கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்து, பிழையைத் தேட முடியாது. ஏன் இந்த மாற்றம் என்று கமிட் செய்தியிலேயே எழுத வேண்டும். மின்னஞ்சலின் குறை, பதிலே வராமல் பேட்ச் காணாமல் போவது. முதன்முறை அனுப்பியவர் அதோடு திரும்ப வராமலே போய்விடலாம், அதுதான் எனக்கு வருத்தம். புல் ரிக்வெஸ்டில் பேட்ச் தொலையாது. ஆனால் ‘ரிவ்யூ கருத்துகளைச் சரிசெய்தேன்’ என்ற கமிட்டுகள் குவிந்து, கடைசியில் மொத்த வித்தியாசத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியிருக்கும்.

படிப்பதற்கு என் கைக்குப் பிடித்தது கெரிட். ஒரு கமிட்டுக்கு ஒரு ரிவ்யூ. மூன்றாம் பேட்ச்செட்டுக்கும் (அதே மாற்றத்தின் திருத்திய வடிவம்) ஐந்தாவதுக்கும் நடுவே என்ன மாறியது என்று நேராகப் பார்க்கலாம். +1 என்றால் எனக்குச் சரி, இன்னொருவர் பார்க்கட்டும். +2 என்றால் சேர்க்கலாம். மனிதர் கோடைப் படித்துப் போடும் வாக்கும், டெஸ்ட் தேறியதற்கான வாக்கும் தனித்தனி. டிக் பச்சையாக இருக்கிறதே என்று படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இதனால் குறைகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடையாளம் சேர்க்கும் சேஞ்ச்-ஐடி ஹூக் புதியவர்களைக் குழப்பும் என்பது உண்மை, ஆனால் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது.

2024-இல் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் சிக்கிய பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இந்த மூன்று முறைக்கும் ஒரே சவால். தீங்கான கோடு டெஸ்டுக்கான பைனரி ஃபைல்களுக்குள் (கண்ணால் படிக்க முடியாதவை) ஒளிந்திருந்தது. அதை இயக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் வெளியீட்டு டார்பாலில் (தரவிறக்கும் தொகுப்பு) மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமானதை ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால்தான் அது வெளியே வந்தது. அதனால் டெஸ்ட் டேட்டாவாகப் பைனரி வந்தால், அதை உருவாக்கிய ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்கிய பிறகே நான் +2 போடுவேன்.