மேகமூட்ட நாளுக்கு ஒரு போலரைசர் ஃபில்டர்

லென்சின் முன் மாட்டிச் சுழற்றி, பளபளக்கும் பிரதிபலிப்பு ஒளியைக் குறைக்கும் கண்ணாடிதான் போலரைசர் ஃபில்டர். அதை விற்கும் விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும்: ஒரு பாதியில் வெளிறிய வானம், மறு பாதியில் அடர்நீல வானம். 77 மி.மீ. அளவுள்ள வட்ட போலரைசர் ஒன்றை லென்சில் மாட்டிக்கொண்டு பல பருவங்கள் வெளியில் சுற்றிய பிறகு, அந்த விளம்பரம் இதன் மிகச் சாதாரணமான பயனை மட்டுமே காட்டுகிறது என்பேன். இந்த ஃபில்டர் கொடுத்த காசுக்கு வேலை செய்வது நல்ல வெயிலில் அல்ல. மழை விட்டு இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும் காட்டுக்குள்தான்.

நனைந்த இலையின் மேற்பரப்பு வெண்மையான வானத்தைப் பிரதிபலிப்பதால், நேரில் செழிப்பாகத் தெரிந்த பச்சை, படத்தில் சாம்பல் பூத்துப்போய்விடுகிறது. ஃபில்டரின் வளையத்தை மெல்லச் சுழற்றினால், அந்தப் பளபளப்பு படிப்படியாக அடங்குவதை வியூஃபைண்டரிலேயே காணலாம். பாறைமேல் படிந்த பாசியின் நிறம் கூடுகிறது, மரப்பட்டை கறுக்கிறது, ஓடைக்கடியில் கிடக்கும் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன. நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பு மிகுதியாக விலகும் என்பதால், முக்காலியைச் சற்று உயர்த்துவதோ தாழ்த்துவதோகூடப் படத்தை மாற்றிவிடும். கணினியில் நிறத்தையும் மாறுபாட்டையும் எவ்வளவு கூட்டினாலும், பிரதிபலிப்பு மறைத்துவிட்ட கல்லைப் படத்துக்குள் மீட்டுக் கொண்டுவர முடியாது.

ஆனால் வளையத்தை அதன் உச்சம்வரை திருப்புவது எனக்கு உடன்பாடில்லை. பளபளப்பு முழுவதும் போய்விட்டால் ஈரமும் போய்விடுகிறது. மழைக்குப் பிந்தைய காடு, நிறம் ஏற்றிய உலர்ந்த காடாகிவிடுகிறது. பாதி வழியில் நிறுத்தி, ஓடையின் ஓரிடத்தில் வானத்தின் ஒளி கொஞ்சம் மிதக்கும்படி விட்டுவிட்டால், அந்த இடத்தில் நின்றபோது மனத்தில் தோன்றிய குளிர்ச்சி படத்திலும் தங்குகிறது. இந்தப் படத்துக்கு நீரின் மேற்பரப்பு வேண்டுமா, அடித்தளம் வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வைப்பதே இக்கருவியின் பெரிய நன்மை. உத்வேகம் தானாக வரும் என்று காத்திருப்பவர்களைக் காட்டிலும், இப்படி ஒரு கேள்வியோடு காட்சியின் முன் நிற்பவர்களுக்கு அது விரைவில் கைகூடுகிறது. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் 1927-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் ஃபில்டருடன் படமெடுத்த பிறகு, தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று கண்டு, எஞ்சியிருந்த ஒரே கண்ணாடிப் படத்தட்டில் அடர்சிவப்பு ஃபில்டரைப் பயன்படுத்தி வானத்தை ஏறக்குறையக் கருமையாக்கினார். அது வேறு வகை ஃபில்டர்தான். ஆயினும் படத்தின் உணர்வை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவுசெய்யும் பழக்கம் அதேதான்.

குறைகளும் உண்டு. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை இது விழுங்குகிறது. 1/60 நொடியில் எடுக்கவேண்டிய படம் 1/15 நொடிக்கு இறங்கும்போது, மர நிழலில் முக்காலி இல்லாமல் வேலை நடக்காது. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானமே மிகுதியாகக் கறுக்கும் என்பதால், அகல்கோண லென்சில் வானத்தின் நடுவே ஒரு கறுத்த பட்டை விழுகிறது. தெளிந்த வானம் படத்தில் பெரும்பகுதியாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுவதே மேல். சூரியனை நேராக நோக்கி எடுக்கும் உதய, அஸ்தமனப் படங்களில் வானத்தைப் பொறுத்தவரை இதனால் பயனில்லை. வானவில் தோன்றினால் கூடுதல் கவனம் தேவை: வளையம் தவறான பக்கம் திரும்பியிருந்தால் வானவில்லே மறைந்துவிடும், சரியாகத் திருப்பினால் முன்னைவிட அழுத்தமாகத் தெரியும்.

தயாரிப்பைப் பற்றி எனக்குள்ள வருத்தம் அதன் விளிம்பில்தான். படத்தின் மூலைகள் இருளாமலிருக்க வளையத்தை மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள்; அதனால் முன்பக்கத்தில் மரை இல்லை, லென்சு மூடி நிற்பதில்லை, கையுறை அணிந்த விரலுக்குப் பிடியும் கிடைப்பதில்லை. நிறத்தில் சற்றே மஞ்சள் சாய்வு இருந்தாலும், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் அதைச் சரிசெய்வது எளிது.

வாங்குபவர்கள் தம்மிடமுள்ள மிகப் பெரிய லென்சின் விட்டத்துக்கு ஒன்றை வாங்கி, சிறிய லென்சுகளில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையங்களைப் பயன்படுத்தலாம். அப்போது பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும் லென்சு ஹுட்டைப் பெரும்பாலும் மாட்ட முடியாது. கடையிலேயே சோதிக்க வேண்டுமென்றால், ஃபில்டரின் முன்பக்கம் எல்.சி.டி. திரையை நோக்கியிருக்குமாறு பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். திரை ஒரே சீராக இருளாமல் திட்டுத்திட்டாக இருண்டால், வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.