மூன்று ஷேவிங் பிரஷ், ஆறு வருடம்

பன்றி முடி, பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடி, சிந்தடிக் எனும் செயற்கை இழை என்று மூன்று ஷேவிங் பிரஷ்களை ஆறு வருடமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். மூன்றிலும் முடிக்கொத்தின் அடிப்பாக விட்டம் 24 மி.மீ.தான். அப்படியும் மூன்றும் மூன்று விதம். காரணம் தண்ணீர்.

முதலில் வாங்கியது பன்றி முடி. முதல் வாரம் ஒரே வாடை. நுனி கன்னத்தில் குத்தியது. கிண்ணத்தில் நுரை பொங்கும், முகத்துக்குப் போவதற்குள் பாதி அடங்கிவிடும். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, போடவில்லை. இரண்டு மாதம் போல ஆனபின் ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் நுனியை விரித்துப் பார்த்தேன். முடிகள் நுனியில் இரண்டாக, சில மூன்றாகப் பிளந்திருந்தன. அந்தப் பிளவுதான் மென்மை. அடியில் பழைய விறைப்பு அப்படியே இருக்க, முகத்தில் படும் இடம் மட்டும் பஞ்சு. கெட்டியான சோப்பை வழித்து எடுக்க இதற்கு ஈடு இல்லை. ஆனால் பன்றி முடி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஐந்து நிமிடமாவது ஊறவைக்க வேண்டும். குளிக்கப் போகும்போதே தண்ணீரில் போட்டுவிடுவேன்.

பேட்ஜரில் தண்ணீர் முடிகளுக்கு நடுவே தங்கி நிற்கும். வெதுவெதுப்பு கடைசிவரை இருக்கும். குளிர்ந்த காலையில் அது பெரிய சுகம். பியூர், பெஸ்ட், சில்வர்டிப் என்று தரம் சொல்வார்கள். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவரின் பெஸ்ட் இன்னொருவரின் பியூராக இருக்கலாம். பெயரை நம்பி அதிகம் கொடுக்காதீர்கள். என்னுடைய பேட்ஜர் நுரையை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. சவரத்தின் மூன்றாவது சுற்றுக்குக் கையால் பிழிந்துதான் எடுக்கிறேன். ஒருமுறை கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீரில் ஊறவைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு மூன்று முடி உதிர்கிறது. அடியில் இருக்கும் பசை அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. கை பொறுக்கும் சூடு போதும்.

சிந்தடிக் தண்ணீரை உறிஞ்சாது. நனைத்தால் போதும், உடனே வேலையைத் தொடங்கலாம். ஆனால் நனைத்த கையோடு சோப்பில் வைத்தால் தண்ணீரெல்லாம் ஒரேயடியாகக் கொட்டி, சோப்பு கஞ்சியாகிவிடும். நன்றாக உதறிவிட்டுத் தொடங்கி, அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தால் ஒரு நிமிடத்தில் தயிர் போல நுரை திரளும். முடி வெடுக்கென்று நிமிர்வதால் வட்டமாகச் சுழற்றினால் கண்ணாடியெல்லாம் நுரை தெறிக்கும். பெயின்ட் அடிப்பது போல மேலும் கீழுமாக இழுக்க வேண்டும்.

அவசர நாட்களுக்கும் பயணத்துக்கும் சிந்தடிக்தான். காலையில் கழுவி உதறி வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பன்றி முடி காய ஒரு முழு நாள் ஆகிறது. ஈரத்தோடு ஒருமுறை பையில் மூடி வைத்துவிட்டு, முதல் வாரத்து வாடையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது போக நாலு நாள் ஆனது. நிதானமாகச் சவரம் செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் கை போவது அந்தப் பன்றி முடி பிரஷுக்குத்தான்.