வேப்பங்கொட்டைச் சேர்மங்களைப் பிரித்துத் தரும் ஆய்வகச் சேவை: ஒரு மதிப்புரை

வேப்பங்கொட்டையில் உள்ள பூச்சித்தடுப்புச் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் அமைப்பையும் உறுதிசெய்து தருவதாக அறிவித்திருந்த ஒரு பகுப்பாய்வுக் கூடத்திடம் மாதிரிகளை ஒப்படைத்திருந்தேன்.

பிரித்தெடுப்பில் அவர்களின் கைத்திறன் பாராட்டத்தக்கது. அரைத்த பருப்பை முதலில் ஹெக்சேனில் ஊறவைத்து எண்ணெயை நீக்கி, எஞ்சிய பிண்ணாக்கை மெத்தனாலில் சாறெடுத்து, அச்சாற்றை நீருக்கும் எத்தில் அசிட்டேட்டுக்கும் இடையே பங்கிட்ட பின்னரே சிலிக்கா நிரப்பிய குழாயில் ஏற்றியிருக்கிறார்கள். எண்ணெய் மிஞ்சினால் கூறுகள் ஒன்றோடொன்று கலந்து வெளியேறும். பல கூடங்கள் அவசரப்படுவது இங்கேதான். வேப்பங்கொட்டையின் முதன்மைப் பூச்சித்தடுப்புச் சேர்மமான அசாடிராக்டின் ஒளியிலும் வலுவான அமில, காரங்களிலும் சிதையக்கூடியது என்பதால், கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் அதிகச் சூடின்றி ஆவியாக்கி, பழுப்புநிறக் குப்பிகளில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். வேப்பங்கொட்டையின் பிற சேர்மங்களான சலானின், நிம்பின் ஆகியவற்றின் குப்பிகளிலும் குறை காணவில்லை.

அடையாளம் காணும் பகுதிதான் ஏமாற்றமளித்தது. அசாடிராக்டினுக்குப் புறஊதா உறிஞ்சல் 217 நானோமீட்டர் என்பதையும், மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலையில் சோடியம் சேர்ந்த அயனிக்குரிய 743 என்ற உச்சியையும் மட்டும் காட்டிச் சான்றளித்திருந்தார்கள். அதன் மூலக்கூறு நிறை 720 என்பதோடு இது பொருந்துவது உண்மையே. ஆயினும் அதே அலைநீளத்தில் அதன் நெருங்கிய உறவுச் சேர்மமான அசாடிராக்டின் பி-யும் உறிஞ்சும், நிறை மட்டும் அணுக்களின் முப்பரிமாண அடுக்கைச் சொல்லாது. 1968-இல் பிரிக்கப்பட்ட அசாடிராக்டினின் சரியான அமைப்பு 1980-களின் நடுவில்தான் தெளிவானது என்பதை அறிந்த எவரும், அணுக்களின் இணைப்பையும் அடுக்கையும் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிரல்கள் இல்லாத சான்றிதழை ஏற்கத் தயங்குவார்கள். வற்புறுத்திக் கேட்ட பின்னரே, அதுவும் தனிக்கட்டணத்துக்கு, அவற்றைத் தந்தார்கள். தூய மாதிரி மட்டும் தேவைப்படுவோர் இவர்களைத் தயங்காமல் நாடலாம். அமைப்புச் சான்றும் வேண்டுவோர் அந்நிரல்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.