யார்க், டர்ஹம் நீராவி ரயில் சுற்றுலா: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கடந்த ஜூலையில் திருச்சியிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த என் பெற்றோரை, வடக்கு இங்கிலாந்தின் பழைய நகரங்களுக்கு நீராவி ரயிலில் ஒரு நாள் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணி, ஆளுக்கு 165 பவுண்டு வீதம் மூவருக்கும் 495 பவுண்டு கட்டினேன். நீராவி எஞ்சினும் வரவில்லை; சொன்ன இரண்டு நகரங்களில் ஒன்றுதான் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இத்தகைய சிறப்பு ரயில் பயணங்களைப் பலரும் விற்கிறார்கள் என்பதால், நாங்கள் எங்கெங்கே ஏமாந்தோம் என்பதைச் சொல்வதுதான் பயன்படும்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளம்பரத்தில் புகை கக்கிக்கொண்டு பாலத்தின் மேல் போகும் எஞ்சினின் படத்தைக் காட்டியதிலிருந்து, புறப்படும் நாள் எப்போது என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலை 7 மணிக்கு கிங்ஸ் கிராஸ் நிலையத்தை அடைந்ததும், எங்களைப் பெட்டியருகே நிற்கச் சொல்லிவிட்டு, நடைமேடையின் கடைசி வரை தனியாகவே நடந்து போனார். திரும்பி வந்து, “டீசல்தான்ப்பா போட்டிருக்கான்” என்று மட்டும் சொன்னார்.

வறண்ட கோடையில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி பாதையோரப் புல்லில் பற்றிவிடும் என்பதால், நீராவி எஞ்சினுக்குப் பதில் டீசலை மாட்டுவது இங்கே வழக்கம்தான். பாதுகாப்புக்காகச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். என் குறை வேறு. மூன்று நாட்களுக்கு முன்பே இது முடிவாகிவிட்டது என்று பெட்டியில் தேநீர் கொடுத்த ஊழியரே சொன்னார். ஆனாலும் முந்தைய நாள் மாலை எனக்கு வந்த மின்னஞ்சலில் “உங்கள் நீராவிப் பயணம் நாளை” என்றுதான் இருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டிருப்போம். அதனால்தான் சொல்லவில்லை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மூவருக்கும் ஒரே மேசை என்று உறுதிசெய்திருந்தும், அம்மாவின் இருக்கை அடுத்த பெட்டியில், முன்பின் தெரியாத மூவர் நடுவே இருந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேச வராத அவர், காலைச் சிற்றுண்டி வந்தபோது எது சைவம் என்று கேட்கத் தயங்கி, ஒரு பன்னை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

லண்டனிலிருந்து யார்க் 188 மைல். வழக்கமான விரைவு ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்விடும். சிறப்பு ரயில்கள் விரைவு ரயில்களுக்கு வழிவிட்டு, அவ்வப்போது பக்கப்பாதையில் ஒதுங்கி நின்றுதான் போகும் என்பதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒதுக்கிய 25 நிமிடங்களும் கால அட்டவணையில் அப்படியே இருந்தன. தண்ணீரே தேவைப்படாத டீசல் எஞ்சினும் அந்த இடத்தில் அத்தனை நேரம் நின்றது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 11:30 மணிக்குச் சேர வேண்டிய ரயில் 1:40 மணிக்கு யார்க் சேர்ந்தது. திரும்பும் நேரம் மட்டும் மாறாமல் 4:30 மணியாகவே இருந்ததால், நகரத்தில் ஐந்து மணி நேரம் என்று விற்கப்பட்டது மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகிப் போனது.

இனி டர்ஹம். விளம்பரத்தின் தலைப்பில் “யார்க் மற்றும் டர்ஹம்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 1093-இல் கட்டத் தொடங்கிய டர்ஹம் பேராலயத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாங்கள் யார்க்கில் இறங்கியபோது, டர்ஹம் போகிறவர்கள் இறங்காமல் அதே ரயிலில் தொடர வேண்டும் என்றும், இரண்டையும் பார்க்க முடியாது என்றும் அறிவித்தார்கள். அப்போதுதான் உறுதிப்படுத்தல் கடிதத்தின் நான்காம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே “யார்க் அல்லது டர்ஹம்” என்று இருந்தது. முன்பதிவின்போது “இறங்கும் நிலையம்” என்று ஒரு கட்டம் வந்ததும், அது முதலில் இறங்கும் இடத்தைக் கேட்கிறது என்று நினைத்து நான் யார்க்கைத் தேர்ந்ததும் நினைவுக்கு வந்தன. நான் கவனமாகப் படித்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தலைப்பில் “மற்றும்” என்று போட்டு விற்றுவிட்டு நான்காம் பக்கத்தில் “அல்லது” என்று எழுதுவது நேர்மையான வியாபாரம் ஆகாது.

இருந்த நேரத்தில் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தையும் கோட்டைச் சுவரையும் விட்டுவிட்டு, நிலையத்துக்கு அருகிலேயே உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்த மல்லார்ட் எஞ்சினை அப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஆனால் அவர் நின்றுவிட்ட இடம் வேறு. பக்கவாட்டில் வெட்டித் திறந்து உள்ளமைப்பு தெரியும்படி வைத்திருக்கும் எஞ்சினின் முன் நின்று, நெருப்புப் பெட்டியிலிருந்து புகை செல்லும் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் சுட்டி, எந்தக் குழாய் முதலில் அரித்துப்போகும், அதை எப்படிக் கழற்றி மாற்றுவார்கள் என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அன்றைய நாளில் நல்லதாக நடந்தது அந்த அரை மணி நேரம்தான். அதற்கு அந்த நிறுவனத்துக்கு ஒரு காசும் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

புகார் எழுதியதற்கு, அடுத்த பயணத்தில் 15 விழுக்காடு தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. நான் ஏற்கவில்லை. இங்கே சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018-ஆம் ஆண்டின் தொகுப்புச் சுற்றுலா விதிகள், இரவு தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தைக் காப்பதில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதையோ எழுதியதையோ நம்பி நாம் வாங்கினால், அது ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். கடன் அட்டையில் கட்டியிருந்தால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருக்கும்போது, அட்டை வழங்கிய வங்கியையும் பொறுப்பாக்குகிறது. இடைத்தரகரின் தளம் வழியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகக்கூடும். நான் நிறுவனத்திடமே நேரடியாக வாங்கியிருந்ததும், விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததும் உதவின. ஏழு வாரங்கள் கழித்து வங்கி 210 பவுண்டைத் திருப்பித் தந்தது. அதற்குள் பெற்றோர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தெந்த நிலையங்களுக்கு இடையே நீராவி எஞ்சின் இழுக்கும், அது டீசலாக மாறினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள், பணம் திரும்புமா, ஒரே சீட்டில் இரண்டு நகரங்களிலும் இறங்கலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை எழுதும் இன்று காலையும் அவர்களுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடுத்த கோடைக்கான முன்பதிவு தொடங்கிவிட்டது. பாலத்தின் மேல் அதே எஞ்சின். தலைப்பில் அதே “மற்றும்”.