நித்தியகல்யாணியா, அந்திமந்தாரையா?

மாடியில் ஒரு தொட்டிக்குத்தான் இடமா? பாதிப் பதில் பெயரிலேயே இருக்கிறது.

பூப்பது: நித்தியம் என்றால் தினமும், நித்தியகல்யாணி ஆண்டு முழுக்கப் பூக்கும். அந்திமந்தாரை மாலை 4 மணிக்கு மேல்தான் விரியும், காலையில் சுருங்கிவிடும். ஆனால் அந்த மணம்!

பூர்வீகம்: முன்னது மடகாஸ்கர், பின்னது அமெரிக்க வெப்பமண்டலம்.

தண்ணீர்: நித்தியகல்யாணிக்கு இரண்டு நாள் மறந்தாலும் சரி. அந்திமந்தாரை வெயிலில் துவளும். தண்டு காய்ந்தாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

செலவு: இரண்டுக்கும் இல்லை. மிளகு போலிருக்கும் அந்திமந்தாரை விதையைப் பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும். இரண்டிலும் நச்சு உண்டு, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைத் தந்த செடி அது.

பகலில் வீட்டில் இருப்பவருக்கு நித்தியகல்யாணி. வேலை முடிந்து மாலையில் திரும்புபவருக்கு அந்திமந்தாரை.