மார்கழி 'வீக் பாஸ்' வாங்கிடாதீங்க மக்களே, இலவச கச்சேரிக்கே காசு வாங்குறாங்க

இந்த டிசம்பர் சீசன்ல இன்ஸ்டாவுல "இந்த வாரம் சென்னையில எங்க போகலாம்"னு நாடகம், சினிமா, கச்சேரி எல்லாத்தையும் ஒரே போஸ்ட்ல அழகா அடுக்கி, கடைசி ஸ்லைடுல "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பாஸ், ஆளுக்கு 1,499 மட்டும்"னு போடுற பேஜுங்க சுத்திட்டு இருக்கு. அதுல ஒண்ணு எங்க வீட்டு பெரியவங்கள ஏமாத்திடுச்சு. பேஜ் பேரை இங்க போடல, ஏன்னா அவங்க பேரை மாத்திட்டே இருக்காங்க, நீங்க இந்த பேரை மட்டும் மனசுல வச்சுட்டு வேற பேருல வந்தா நம்பிடுவீங்க. அவங்க எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, அதான் முக்கியம்.

எங்க பெரியம்மா, பெரியப்பாவுக்கு ஊரு திருச்சி. ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியாச்சு, பெரியம்மாவுக்கு முட்டி வலி வேற. மார்கழிக்கு மெட்ராஸ் வந்து ஒரு வாரம் எங்க வீட்ல தங்கி ஆசை தீர கச்சேரி கேக்கணும்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டே இருந்தாங்க. பெங்களூர்ல இருக்குற அண்ணன்தான் இந்த தடவ அவங்களுக்காக அந்த பாஸ் ரெண்டு வாங்கி வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. பாக்க அவ்ளோ லட்சணமா இருந்துச்சு, மேல கோபுரம், தம்புரா படம், கீழ நாலஞ்சு சபாவோட லோகோ வரிசையா, நடுவுல பெரியம்மா பேரு, சீட் நம்பர் ஜி 14, ஜி 15, ஓரத்துல ஒரு க்யூஆர் கோடு. கூடவே வாரம் முழுக்க எந்த நாள் எங்க போகணும்னு ஒரு ப்ரோக்ராம் ஷீட்டு.

வாரத்தோட ஆரம்பத்துல ரெண்டு நாள் மத்தியான கச்சேரி. அடுத்து நுங்கம்பாக்கத்துல ஒரு வெளிநாட்டு கலாசார மையத்துல சாயங்காலம் படம். அப்புறம் ஒரு காலைல லெக்-டெம், அதாவது பாடிக் காட்டி விளக்கம் சொல்ற சங்கீத உரை. இது எல்லாத்துக்கும் நானும் கூட போனேன், எல்லா இடத்துலயும் உள்ள விட்டாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. மொத நாள் வாசல்ல நின்ன வாலண்டியர் பையன் பெரியம்மா நீட்டின போனை திரும்பிக்கூட பாக்கல, "போங்க பாட்டி, எங்க வேணா உக்காருங்க"ன்னான். பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அண்ணன் வாங்கின பாஸுக்கு எவ்ளோ மரியாதைன்னு அவருக்கே போன் போட்டு சொன்னாங்க.

மொத்த மோசடியும் இங்கதான் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க. அந்த நாலுமே டிக்கெட்டே இல்லாத நிகழ்ச்சிங்க. சீசன் விஷயம் தெரிஞ்சவங்களுக்கு இது பழசு, வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கும் புதுசா கேக்க ஆரம்பிச்சவங்களுக்கும் தெரியாது. மியூசிக் அகாடமியில காலைல நடக்குற லெக்-டெம்முக்கும், மத்தியானம் இளசுங்க பாடுற கச்சேரிக்கும் யாரு வேணா போய் உக்காரலாம், காசு கிடையாது. மத்த சபாக்கள்லயும் மத்தியான ஸ்லாட் பெரும்பாலும் அப்படித்தான், மயிலாப்பூர் பாரதிய வித்யா பவன்ல சாயங்கால கச்சேரிக்கே நிறைய நாள் அனுமதி இலவசம். கலாசார மையங்கள்ல போடுற படமும் பெரும்பாலும் இலவசம்தான், சீக்கிரம் போனா சீட்டு கிடைக்கும், அவ்ளோதான். சபாவுல சாயங்காலம் பெரிய வித்வான்கள் பாடுற கச்சேரிக்குத்தான் பெரும்பாலும் டெய்லி டிக்கெட், சீசன் டிக்கெட்னு காசு கட்டணும்.

அந்த பேஜ்காரன் என்ன பண்றான்னா, இலவசமா இருக்குறதை எல்லாம் வாரத்தோட முன்பாதியில வைக்கிறான். ஜனங்க பாஸை காட்டுறாங்க, உள்ள போயிடுறாங்க, நம்பிக்கை வந்துடுது. ஆளுங்க நல்லவங்கன்னு கமெண்ட்ல வேற எழுதுறாங்க, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவன் ஸ்டோரியில போட்டு இன்னும் பத்து பேரை இழுக்குறான். காசு குடுத்து போக வேண்டிய நிகழ்ச்சி எல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறுக்கு தள்ளி வச்சிருக்கான், அது வர்றதுக்குள்ள வசூல் முடிஞ்சுடுது.

வெள்ளிக்கிழமை நாடகம். எழும்பூர் பக்கம் ஒரு சின்ன ஹால், குழுவும் சின்ன குழுதான், வாசல்ல அவங்க ஆளுங்களே மேஜை போட்டு உக்காந்து நோட்டுல பேரு பாத்து உள்ள அனுப்பிட்டு இருந்தாங்க. எங்க பேரு நோட்டுல இல்ல. பாஸை காட்டினதும் அந்த பொண்ணு முகம் மாறிடுச்சு, "அக்கா, நேத்து ஷோவுக்கும் இதே மாதிரி ஆளுங்க வந்தாங்க, இவங்க யாருன்னே எங்களுக்கு தெரியாது"ன்னு சொன்னா. ஆனா பெரியவங்களை திருப்பி அனுப்ப அவங்களுக்கு மனசு வரல, கடைசி வரிசைக்கு பின்னாடி ரெண்டு ப்ளாஸ்டிக் சேர் போட்டு குடுத்தாங்க. நான் மூணு டிக்கெட்டுக்கு காசு குடுத்தும் ரெண்டுக்குத்தான் வாங்குனாங்க. எனக்கு அங்க நின்னப்ப தான் ரொம்ப கோவம் வந்துச்சு. தமிழ்ல நாடகம் போடுற குழுங்க டிக்கெட் காசை வச்சுத்தான் ஹால் வாடகை, லைட் செலவு பாக்குறாங்க, ஒவ்வொரு சீட்டும் அவங்களுக்கு கணக்கு. அந்த சீட்டை யாரோ ஒருத்தன் வித்து காசை வாங்கிக்கிறான், வாசல்ல சண்டைக்கு நிக்கிறவங்களுக்கு பதில் சொல்ல வேண்டியது மட்டும் அவங்க.

சனிக்கிழமை சாயங்காலம்தான் பெரியம்மா வாரம் பூரா காத்துட்டு இருந்த கச்சேரி. பேஜுக்கு மெசேஜ் போட்டு நாடகத்துல நடந்ததை கேட்டோம், "அது டெக்னிக்கல் இஷ்யூ மேம், இன்னைக்கு கன்ஃபர்ம்டு, ஜி 14, ஜி 15"னு உடனே பதில் வந்துச்சு. சபா பேரு நான் சொல்ல விரும்பல, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. கேட்ல இருந்த பெரியவர் பாஸை வாங்கி பாத்துட்டு பொறுமையா தன் போன்லயே அந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணாரு. திறந்தது என்ன தெரியுமா, அந்த பேஜோட இன்ஸ்டா ப்ரொஃபைல். டிக்கெட்டும் இல்ல, புக்கிங் நம்பரும் இல்ல, ஃபாலோ பண்ணுங்கன்னு ஒரு பட்டன். "அம்மா, அந்த ஜி வரிசை மொத்தமும் மெம்பருக்கு போயிடுச்சு, வெளியில விக்கிறதே இல்ல"ன்னாரு. அன்னிக்கு ஹவுஸ்ஃபுல், கவுண்டர் மூடியாச்சு. முட்டி வலியோட பெரியம்மா படியில நின்னுட்டே உள்ள வர்ணம், அதான் கச்சேரியில மொதல்ல பாடுற பாட்டு, ஆரம்பிச்சதை கேட்டாங்க. காசு போனதை விட இதை என்னால மறக்க முடியல.

ஞாயித்துக்கிழமைக்கு போட்டிருந்தது திரைப்பட விழா, "ஒரு ஷோ, ரிசர்வ்டு சீட்"னு. சென்னை சர்வதேச திரைப்பட விழா 2003லேர்ந்து நடக்குது, அதுக்கு போறவங்க எல்லாருக்கும் தெரியும், டெலிகேட்டா, அதாவது விழா பாக்க வர்றவரா ரெஜிஸ்டர் பண்ணி கழுத்துல அட்டையை மாட்டிட்டு போகணும், வரிசையில யாரு முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களுக்கு சீட்டு. ரிசர்வ்டு சீட்டுன்னு எவனாவது வித்தா அப்பவே பொய்ன்னு முடிவு பண்ணிடலாம். நாங்க போகவே இல்ல.

அப்புறம் பணத்தை திருப்பி கேட்டோம், இதுக்கு அப்புறம் நடந்தது இன்னும் மோசம். ரொம்ப பணிவா மன்னிப்பு கேட்டு, ரீஃபண்ட் ரெடியா இருக்கு, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி யுபிஐ பின் நம்பரை போட்டா பணம் அக்கவுண்ட்ல ஏறிடும்னு ஒரு கோடு அனுப்பினான். நல்லவேளை அண்ணன் அதை செய்யல. தயவுசெஞ்சு வீட்ல பெரியவங்க கிட்ட இதை ஒரு தடவ சொல்லி வைங்க: யுபிஐல நமக்கு பணம் வரணும்னா ஸ்கேனும் பண்ண வேண்டாம், பின்னும் போட வேண்டாம். பின் நம்பர் போட்டா நம்ம காசுதான் வெளிய போகும், உள்ள வராது. ரீஃபண்டுக்கு பின் கேக்குறவன் ரெண்டாவது தடவ திருட வர்றான்.

அன்னிக்கு ராத்திரியே 1930க்கு போன் பண்ணோம், சைபர் க்ரைம் ஹெல்ப்லைன், ஆன்லைன்ல cybercrime போர்ட்டல்னு சொல்லுவாங்களே அந்த தேசிய சைபர் க்ரைம் இணையதளத்துலயும் புகார் பதிஞ்சாச்சு. போன்ல மொதல்ல கேக்குறது எந்த பேங்க், எவ்ளோ, எப்ப போச்சு, அந்த பன்னெண்டு இலக்க ட்ரான்சாக்ஷன் நம்பர் என்னன்னுதான், அதை கையில வச்சுட்டு கூப்பிடுங்க. காசு போன உடனே கூப்பிட்டா அது இன்னொரு அக்கவுண்ட்டுக்கு போறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, எங்களுக்கு காசு கட்டி பல நாள் ஆயிடுச்சு, அதனால திரும்பி வருமான்னு இன்னும் தெரியல. புகார் நம்பர் கையில இருக்கு, விட மாட்டோம்.

வாங்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னு நிறைய பேர் கேட்டாங்க. மொதல்ல நிகழ்ச்சி நடக்குற ஹாலும் நடத்துறவங்களும் வேற வேறயா இருக்கலாம்னு புரிஞ்சுக்கோங்க, சீசன்ல ஒரே ஹால்ல நாலு அமைப்பு வாடகைக்கு எடுத்து கச்சேரி வைப்பாங்க, ஹாலுக்கு போன் போட்டா "எங்களுக்கு தெரியாது, நடத்துறவங்களை கேளுங்க"ன்னுதான் பதில் வரும். இந்த குழப்பம்தான் பேஜ்காரனுக்கு சாதகம், அதான் ஹால் பேரை மட்டும் பெருசா போட்டு நடத்துற சபா பேரை விட்டுடுறான். சபா பேரை கண்டுபிடிச்சு அவங்க கவுண்டர்லயோ அவங்க சைட்ல குடுத்திருக்குற லிங்க்லயோ மட்டும் வாங்குங்க. காசு அனுப்புற நேரம் ஸ்க்ரீன்ல வர்ற பேரை படிங்க, சபா பேரோ டிக்கெட் கம்பெனி பேரோ வராம யாரோ ஒரு தனி ஆள் பேரு வந்தா அங்கயே நிறுத்திடுங்க. சபா, நாடகக் குழு, படவிழா மூணுக்கும் சேர்த்து ஒரே பாஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மூணும் தனித்தனி ஆளுங்க, தனித்தனி கணக்கு, அவங்க சேர்ந்து டிக்கெட் விக்கிற வழக்கமே இல்ல.

முறையான டிக்கெட்டுலயும் பிரச்சனை வரும்தான், 2023 செப்டம்பர்ல ஈசிஆர் பனையூர்ல ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரிக்கு கையில டிக்கெட் வச்சிருந்தவங்களே உள்ள போக முடியாம திரும்பினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா அப்ப உள்ள போக முடியாதவங்க டிக்கெட் காப்பியை மெயில்ல அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டாரு, போய் கேக்க ஒரு இடம் இருந்துச்சு. இந்த வாட்ஸ்அப் பாஸுக்கு அது கூட கிடையாது, நேத்து பாத்தா பேஜையே காணோம்.

காணோம்னா முழுசா போகல, அதே டிசைன், அதே தம்புரா படம், புது பேருல வந்திருக்கு. இப்ப விக்கிறது பொங்கலுக்கு "சென்னை சங்கமம் ஃப்ரண்ட் ரோ பாஸ்". சென்னை சங்கமம் அரசு நடத்துற விழா, பூங்கா, மைதானம்னு திறந்த வெளியில நடக்கும், பறை, கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் யாரு வேணா நின்னு பாக்கலாம், பைசா கிடையாது. யாராவது அதுக்கு காசு கேட்டா குடுக்காதீங்க, ஏற்கனவே குடுத்திருந்தா மெசேஜ் எதையும் டெலீட் பண்ணாம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு இப்பவே 1930க்கு கூப்பிடுங்க. இதே பாஸ் வாங்கி ஏமாந்தவங்க இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எல்லா ட்ரான்சாக்ஷனும் ஒரே அக்கவுண்டுக்கு போயிருந்தா சேர்ந்து புகார் குடுக்கலாம்.